தோண்டும் முன் கேட்க வேண்டியவை: வாசகர் கேள்வி பதில்

நகரங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும் தொல்லியல் எச்சங்களை நகரத் திட்டமிடல் வழியாகவும் திறந்த தரவு வழியாகவும் காப்பது பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. அகழாய்வுக் களத்திலும் வரைபடத் தரவிலும் பணியாற்றுவோர் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் முழுமைத் திட்ட வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் எல்லாம் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கட்டட அனுமதி தரும்போது அதைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. புள்ளி என்பது கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தின் விலாசம், அவ்வளவுதான். தரைக்கு அடியில் இருப்பதோ தெரு, வடிகால், குப்பைக் குழி, இடுகாடு, உலைக்களம் என்று பரந்து கிடக்கும் ஓர் ஊர். சின்னத்தைச் சுற்றி வட்டம் போடும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. 2010இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம் முதல் 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுக்கிறது. அந்த வேலி அவசியம்தான். ஆனால் புதைந்த ஊர் காம்பஸ் வைத்து வரைந்த கோட்டில் வந்து நின்றுவிடாது.

உங்கள் ஜிஐஎஸ் வரைபடத்தில் (இடங்களையும் அவற்றின் தரவையும் இணைத்துக் காட்டும் கணினி வரைபடம்) மூன்று அடுக்குகள் வேண்டும். முதலாவது, தெரிந்த எச்சங்களின் பரப்பு. புள்ளியாக வேண்டாம், எல்லை வரைந்த பலகோணமாக இருக்கட்டும். இரண்டாவது, இதுவரை ஆய்வு நடந்த இடங்கள். மூன்றாவது, ஆழம்.

இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தோண்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் மூடிய சோதனைக் குழியும் தேதி, அளவு, ஆழத்துடன் பதிவாக வேண்டும். இங்கிலாந்தின் வட்டாரத் தொல்லியல் பதிவேடுகளில் ‘சின்னம்’ ஒரு பதிவு, ‘நிகழ்வு’ (அதாவது அங்கே நடந்த அகழாய்வு, கள ஆய்வு) வேறொரு பதிவு. இப்படிப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? வரைபடத்தில் வெற்றிடத்தைப் பார்த்ததும் அங்கே ஒன்றுமில்லை என்று எண்ணி அனுமதி கொடுத்துவிடுவோம். அங்கே யாரும் தேடியதே இல்லை என்பதுதான் அந்த வெற்றிடத்துக்குப் பெரும்பாலும் பொருள். தேடியும் ஒன்றும் கிடைக்காத இடம், தேடாத இடம் இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள். இந்த ஒரு மாற்றமே அனுமதிக் கோப்பின் போக்கை மாற்றும். பெருநகர லண்டனில் தொல்லியல் முன்னுரிமையை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முன்னுரிமைப் பகுதிகளுக்கு வெளியே உள்ள எல்லா இடமும் நான்காம் நிலை. ‘எதுவுமே இல்லாத இடம்’ என்றொரு நிலையே அங்கு வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆழம் பற்றி ஒன்று. ‘தரையிலிருந்து 1.2 மீட்டர் கீழே’ என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தரை உயர்கிறது. பத்து ஆண்டு கழித்து அந்த 1.2 எந்தத் தரையிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. சராசரிக் கடல் மட்டத்திலிருந்து உயரமாக, பண்பாட்டு அடுக்கின் (மனிதர் வாழ்ந்த தடயங்கள் உள்ள மண் அடுக்கு) மேல்மட்டம், அடிமட்டம் இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: கட்டுமான நிறுவனம் நடத்துகிறேன். வேலை பாதியில் இருக்கும்போது பானை ஓடு கிடைத்தது என்று நிறுத்தினால் வட்டியே எங்களை முடித்துவிடும். தொல்லியலாளரை எப்போது அழைத்தால் இந்தச் சிக்கல் வராது?

பதில்: அடித்தளத்தின் வரைபடம் போடுவதற்கு முன்பு. முடிந்தால் மனையை வாங்குவதற்கும் முன்பு. உங்கள் கவலை நியாயமானது. பாதியில் நிறுத்துவது கட்டுபவருக்கும் கேடு, எச்சத்துக்கும் கேடு. அவசரத்தில் தோண்டுவது பதிவு செய்யாமல் அழிப்பதற்குக் கொஞ்சம்தான் மேல்.

இந்தப் பாடத்தை உலகம் பட்டுத்தான் கற்றது. அயர்லாந்தின் டப்ளினில் வுட் கீ என்ற இடத்தில் வைக்கிங் காலக் குடியிருப்பு வெளிப்பட்டபோது மாநகர அலுவலகக் கட்டடத் திட்டம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. 1978இல் சுமார் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். கட்டடம் வந்தே தீர்ந்தது. 1989இல் லண்டனில் ஓர் அலுவலகக் கட்டட மனையில், 1587இல் கட்டப்பட்ட ரோஸ் நாடக அரங்கின் அடிப்பகுதி வெளிப்பட்டது. மீண்டும் பெரும் போராட்டம். எச்சத்துக்கு மேல் பாலம்போலத் தாண்டி நிற்குமாறு கட்டடத்தை மாற்றி வரைந்தார்கள். அடுத்த ஆண்டே, 1990இல், திட்ட அனுமதிக்கு முன்பே தொல்லியல் மதிப்பீடு தேவை என்ற அரசுக் கொள்கைக் குறிப்பு இங்கிலாந்தில் வந்தது. 1992இல் ஐரோப்பிய நாடுகளின் வலெட்டா ஒப்பந்தம் அதையே இன்னும் அகலமாகச் சொன்னது: திட்டமிடும் ஒவ்வொரு கட்டத்திலும் தொல்லியலாளர் பங்கேற்க வேண்டும், பெரிய திட்டங்களில் ஆய்வுச் செலவு திட்டத்தின் செலவிலேயே சேர வேண்டும்.

நடைமுறையில் வரிசை இப்படி: முதலில் மேசை ஆய்வு. பழைய வரைபடங்கள், பதிவேடு, அக்கம்பக்கத்தில் நடந்த மண் பரிசோதனை அறிக்கைகள். அடுத்து, எப்படியும் நீங்கள் செய்யப்போகும் மண் பரிசோதனை. துளையிலிருந்து எடுக்கும் மண் உருளையைப் பொறியாளர் பார்த்த பிறகு தூக்கி எறியாமல் தொல்லியலாளரிடமும் காட்டுங்கள். கரி, சுட்ட மண், ஓட்டுச் சில்லு, கரிய சேற்று அடுக்கு எந்த உயரத்தில் வருகின்றன என்று அதிலேயே தெரிந்துவிடும்; தனிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பிறகுதான் சோதனை அகழிகள்.

ஒரு ஹெக்டேர் மனையில் 5 விழுக்காடு திறப்பது என்றால் 500 சதுர மீட்டர். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளத்தில் ஐந்து அகழிகள். அந்த ஐந்தையும் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாகப் போடுவதுதான் வழக்கமான பிழை. அதே திசையில் ஓடும் பழைய வாய்க்கால் இரண்டு அகழிகளுக்கு நடுவே பத்திரமாக ஒளிந்துகொள்ளும். திசை மாற்றி மாற்றி, வரிசை தவறிப் போடுங்கள். பொக்லைனில் பல் வைத்த பக்கெட் கூடாது. தட்டையான விளிம்புள்ள அகலப் பக்கெட்டால் மெல்லிய அடுக்குகளாக மேல்மண்ணை வழித்தெடுக்க வேண்டும். பல் பக்கெட் போட்ட கீறல்களுக்கு நடுவே மரத்தூண் நட்ட குழியின் கறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கறை வெறும் நிற மாற்றம்தான். காய்ந்தால் அதுவும் மறையும். ஆகவே வழித்த அன்றே பார்த்துக் குறித்துவிட வேண்டும்.

கேள்வி: அமைப்புப் பொறியாளர் நான். பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) போட்டுக் கட்டினால் மண்ணில் மிகச் சிறு பகுதிதானே சேதமாகும்? பண்பாட்டு அடுக்கை அப்படியே விட்டு மேலே கட்டலாம் அல்லவா?

பதில்: கட்டலாம், பல நகரங்களில் அப்படித்தான் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரம் 1990களின் தொடக்கத்திலேயே, கட்டுமானத்தால் அழியும் அடுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற அளவுகோலைக் கையாளத் தொடங்கியது. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும்.

20 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டடம் என்று வையுங்கள். பரப்பு 600 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைல், சராசரியாக 9 சதுர மீட்டருக்கு ஒன்று. ஒரு பைலின் பரப்பு 0.283 சதுர மீட்டர். சுமார் 67 பைல். மொத்தம் 19 சதுர மீட்டர், அதாவது 3.2 விழுக்காடு. இதுவரை சரி. அந்தப் பைல்களின் தலையைப் பிணைக்க 2.5 மீட்டர் சதுரத்தில் இருபது பைல் கேப் போடுகிறீர்கள். அது 125 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 21 விழுக்காடு. கேப்பின் அடி பண்பாட்டு அடுக்குக்குள் இறங்கினால் கதை முடிந்தது. இதோடு லிஃப்ட் குழி, சம்ப், ஒரு மீட்டர் அகலத்தில் 30 மீட்டர் ஓடும் கழிவுநீர்க் குழாய்ப் பள்ளம் (அது மட்டுமே 5 விழுக்காடு). அனுமதிக் கோப்பில் பைலின் 3.2தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது; மற்றவை பணிக்களத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே கேப், கிரேடு பீம் (கேப்புகளை இணைக்கும் தரைமட்ட உத்தரம்) ஆகியவற்றின் அடிமட்டத்தைப் பண்பாட்டு அடுக்கின் மேல்மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள்; தேவைப்பட்டால் தரைத்தளத்தை உயர்த்துங்கள். முதல் பதிலில் கடல் மட்ட உயரம் கேட்டது இதற்காகத்தான்: இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியும். அடித்து இறக்கும் பைல், மண்ணைப் பக்கத்தில் தள்ளி அடுக்குகளைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதன் சேதம் விட்டத்தோடு நிற்காது. துளையிட்டு வார்க்கும் பைல் மேல்.

தண்ணீரை மறக்கவே கூடாது. ஈரத்தில் ஊறிய அடுக்கில் மரமும் தோலும் துணியும் நிலைத்திருப்பது அங்கே காற்றின் ஆக்சிஜன் இல்லாததால். களிமண் தட்டு ஒன்று தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருக்கும். பைல் அதைத் துளைத்தால் நீர் கீழே வடிந்து, எச்சம் சில ஆண்டுகளில் மட்கும். ரோஸ் அரங்கின் எச்சங்களை மணல் பரப்பி, மெல்லிய கான்கிரீட் மூடி, அதன்மேல் தண்ணீர் நிற்கவிட்டுத்தான் காத்தார்கள். மூடும்போது எச்சத்தின்மேல் முதலில் நீர் புகும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் உப்பில்லாத சுத்தமான மணல். இடிபாட்டுச் செங்கல் ஜல்லி போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பும் சிமென்ட்டும் கரைந்து மண்ணின் வேதியியலையே மாற்றும். கூர்முனைகள் பாரத்தில் கீழே குத்தும். நீர்மட்டம் பார்க்கச் சிறு குழாய்க் கிணறு ஒன்றை விட்டுவைத்து, அதை அளப்பது யார் பொறுப்பு என்பதையும் அனுமதி நிபந்தனையிலேயே எழுதுங்கள். அது இல்லாத பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

கேள்வி: கட்டட அனுமதியே தேவைப்படாத வேலைகளை என்ன செய்வது? குழாய், மின்கேபிள் பதிக்கிறவர்கள் யாரையும் கேட்பதில்லையே.

பதில்: இதுதான் சட்டங்களின் பெரிய ஓட்டை. மெக்சிகோ நகரின் நடுவே கொயோல்ஷாவ்கி என்ற பெண் தெய்வம் செதுக்கிய, மூன்று மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள வட்டக் கல் 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் வெட்டியபோதுதான் அகப்பட்டது. அவர்கள் நிறுத்திச் சொன்னதால் ஆஸ்டெக் மக்களின் தலைமைக் கோயில் வளாகமே வெளிவந்தது. எல்லாப் பள்ளத்திலும் அந்த நல்லூழ் வாய்க்காது. சாலையை வெட்ட அனுமதி தரும் பிரிவின் கணினியில் தொல்லியல் எச்சரிக்கைப் பரப்பை ஓர் அடுக்காக இணைத்துவிடுங்கள். விண்ணப்பத்தின் கோடு அந்தப் பரப்பைத் தொட்டால் தானாகத் தகவல் போக வேண்டும். ஏற்கெனவே வெட்டி மூடிய பள்ளத்துக்குள்ளேயே புதுக் கேபிளை இழுக்க முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே அழிய வேண்டியது அழிந்தாயிற்று.

கேள்வி: தொல்லியல் இடங்களைத் திறந்த தரவாக இணையத்தில் போட்டால் திருடர்களுக்கு வழிகாட்டுவது ஆகாதா?

பதில்: ஆகக்கூடும். அதற்காக எல்லாவற்றையும் பூட்டினாலும் அழிவுதான். தெரியாமல் இடிப்பவர்கள் திருடுபவர்களை விடக் குறைவானவர்கள் அல்ல. யாருக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று பிரிப்பதே வழி. அனுமதி தரும் அதிகாரிக்கு முழு எல்லை வேண்டும். மனை வாங்குபவருக்கு ‘இந்த மனை எச்சரிக்கைப் பரப்பில் இருக்கிறது’ என்ற ஒரு வரி போதும். பொதுமக்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் காலம், வகை, தோராயமான இடம். இங்கிலாந்து, வேல்ஸில் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களின் தரவுத்தளம், இடத்தை ஒரு சதுர கிலோமீட்டரை விடத் துல்லியமாக வெளியே காட்டுவதில்லை. தரையில் நிற்கும் கோட்டையையும் கோயிலையும் மறைப்பதில் பொருளே இல்லை. அவற்றை முழுத் துல்லியத்தோடு திறந்துவிடுங்கள்.

மறைக்கும்போதுதான் பிழைகள் நடக்கின்றன. மிகச் சாதாரணமானது, இடத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் வரைந்து அதை வெளியிடுவது. வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்க ஜிஐஎஸ் மென்பொருளில் ஒரு சொடுக்குப் போதும். மையத்தில் இருப்பது அந்த இடமேதான். மறைத்ததாக நினைத்துக் குறியே போட்டுக் கொடுத்துவிட்டோம். புள்ளியைக் குத்துமதிப்பாக நகர்த்தி வைப்பதும் சரிவராது. ஒவ்வொரு பதிவிறக்கத்திலும் புதிதாக நகர்த்தினால், பல முறை இறக்கிச் சராசரி எடுப்பவருக்கு உண்மை இடம் கிடைத்துவிடும். ஒரே முறை நகர்த்தினாலோ, ஒன்றுமறியாத பக்கத்து மனைக்காரரின் நிலத்தில் கடப்பாரையோடு ஆள் இறங்கும். நாடு முழுவதும் ஒரே மாதிரி விழும் நிலையான கட்டங்களாகப் பிரித்து, இடம் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்தை மட்டும் வெளியிடுங்கள்.

பிறகு தரவு அட்டவணையின் மற்றப் பத்திகளைப் (நெடுவரிசைகளை) பாருங்கள். கட்டமாக மாற்றிய கோப்பிலேயே மனை எண் இருக்கும். விளக்கப் பத்தியில் ‘ஏரிக்கரை மதகுக்கு வடக்கே 40 மீட்டர்’ என்று இருக்கும். இணைத்த ஒளிப்படத்துக்குள் கைப்பேசி எழுதிய இடக்குறிப்பு அப்படியே இருக்கும். இணையதளத்தில் பழைய பதிப்பு நீக்கப்படாமல் கிடக்கும். வெளியிடும் முன், அந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, பத்து இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எந்த உரிமத்தில் வெளியிடுவது?

பதில்: கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை உரிமம் போதும்: பெயர் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம். ‘வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை’ என்ற நிபந்தனையைச் சேர்க்காதீர்கள். கட்டுமான நிறுவனமும் வடிவமைப்பாளரும் இந்தத் தரவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுதானே நோக்கம். அவர்கள் செய்வது வணிகம்.

கேள்வி: கல்லூரி மாணவி. எங்கள் குழு 300 இடங்களைத் தொகுத்தது. வரைபடத்தில் ஏற்றினால் சில கடலில் விழுகின்றன, சில ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன. தமிழில் எழுதிய பெயர்களும் பாதியில் அறுந்துவிட்டன. என்ன தவறு?

பதில்: மூன்று தனித்தனிக் கோளாறுகள். கடலில் விழுவது அச்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியதால். நாம் பேசும்போது அச்சரேகையை முதலில் சொல்கிறோம்; ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில். சில பதிவுகள் மட்டும் தவறியிருக்கின்றன என்றால் இரண்டு பேர் இரண்டு வழக்கத்தில் நிரப்பியிருக்கிறார்கள்.

ஆற்றைத் தாண்டியவை, பழைய நிலவரைபடத்தில் படித்த ஆயங்களாக இருக்கும். பழைய வரைபடங்கள் வேறு புவி மாதிரியில் வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றாமல் ஏற்றினால் சில நூறு மீட்டர் வரை நகரும். இலக்கங்களையும் பாருங்கள்: பாகையில் மூன்று தசம இடம் என்றால் சுமார் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர். பாகை, நிமிடம் என்று எழுதியிருந்ததை மாற்றியபோது கணினி ஒன்பது தசமம் கொடுத்திருக்கும். அந்தத் துல்லியம் பொய். ஒவ்வொரு பதிவுக்கும் ‘இடத் துல்லியம், மீட்டரில்’ என்ற பத்தி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

தமிழ் அறுந்ததற்குக் காரணம் ஷேப்ஃபைல். அது வரைபடத் தரவுக் கோப்பின் பழைய வடிவம். பத்தியின் தலைப்புக்கு 10 பைட், உரைக்கு 254 பைட்தான் இடம். யூனிகோடு குறியேற்றமான யூடிஎஃப் 8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘கோ’ என்றால் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு. ஆக, தலைப்பில் மூன்று குறியும் உரையில் 84 குறியும் எழுதியதும் இடம் தீர்ந்துவிடும். ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறுங்கள். எல்லாம் ஒரே கோப்பு, இந்த வரம்பு இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் வீச்சில் (வீச்சு என்பது உருண்டைப் புவியைத் தட்டை வரைபடமாக்கும் முறை) பாதுகாப்பு எல்லை வரையாதீர்கள். 60 பாகை அச்சரேகையில் அது தூரத்தை இரு மடங்காகக் காட்டும். 100 மீட்டர் என்று நீங்கள் வரையும் வளையம் தரையில் 50 மீட்டர்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகே பிழை சிறியதாகத் தெரியும் என்பதால் கவனிக்காமலே போய்விடும். அந்தந்தப் பகுதிக்குரிய யூடிஎம் வீச்சில் வரைந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரின் விளிம்பு வேகமாக விரிகிறது. பணமும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆர்வலர்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

பதில்: நகரம் அடுத்து எங்கே விரியப்போகிறதோ அங்கே. முழுமைத் திட்டத்தில் வேளாண் நிலத்திலிருந்து குடியிருப்பாக வகை மாற்றப்படவிருக்கும் பகுதிகளைப் பட்டியலிடுங்கள். அகழாய்வுக்கு உரிமம் வேண்டும். மண்ணைக் கிளறாதீர்கள், கிடைத்ததை எடுத்தும் வராதீர்கள். பார்ப்பதும் பதிவதும் மட்டுமே உங்கள் வேலை.

விலையில்லாமல் கிடைக்கும் பெரிய புதையல், அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை. 1995இல் எட்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் ரகசியம் விலக்கப்பட்டது. பிந்திய படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ளதைக்கூட அடையாளம் காணலாம். இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்று இருந்த மேடும் பழைய வாய்க்காலும் அதில் தெரியும். ஏற்கெனவே யாரோ பணம் கட்டி ஸ்கேன் செய்த படங்களை இலவசமாக இறக்கலாம். அந்தப் படம் ஓரங்களில் இழுபட்டிருக்கும். முழுப் பட்டையையும் பொருத்த முயலாமல் உங்களுக்கு வேண்டிய சிறு பகுதியை வெட்டி எடுங்கள். மாறாமல் நிற்கும் பாலம், சாலைச் சந்தி, குளக்கரை மூலை என்று பதினைந்து இருபது புள்ளிகளில் பொருத்துங்கள். மூன்று புள்ளிகளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்து அவற்றில் பிழையை அளந்து பாருங்கள்.

லைடார் உயரத் தரவு (லேசர் ஒளியால் தரையின் மேடு பள்ளத்தை அளந்தது) உங்கள் பகுதிக்குத் திறந்திருந்தால், இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் இருப்பதுபோல, நல்லது. ஆனால் மென்பொருள் தரும் நிழல் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது வடமேற்கிலிருந்து ஒளி விழுவதாக வைத்துக்கொள்ளும். வடமேற்கு தென்கிழக்காக ஓடும் பழைய கரை ஒளிக்கு இணையாகப் படுத்துக் காணாமல் போகும். பல திசை ஒளியில் போட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு, உழுத வயலில் ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து, ஓட்டுச் சில்லுகளை எண்ணுங்கள், படமெடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். நில உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு இறங்குங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே படிவம்: நடந்த நாள், நடந்தவர் எண்ணிக்கை, பயிர் எவ்வளவு உயரம், மண் தெரிந்ததா, என்ன கிடைத்தது. இடுப்பளவு பயிர் நின்ற வயலில் ஒன்றும் காணவில்லை என்றால் அதற்குப் பொருள் வேறு. அதை ‘பார்க்க முடியவில்லை’ என்ற தனிக் குறியில் போட்டு, அறுவடைக்குப் பிறகு மறுபடி நடக்க ஒரு தேதி வையுங்கள். இதை ஒரு விரிதாளில் வைத்தாலே போதும். பதிவுகள் ஆயிரத்தைத் தாண்டும்போது அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்ச்சஸ் என்ற திறமூல மென்பொருளுக்கு மாறலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே தன் மரபுப் பதிவேட்டை அதில்தான் நடத்துகிறது.

முழுமைத் திட்ட வரைவின் மீது ஆட்சேபம் கேட்கும் நாட்கள் குறைவாகவே இருக்கும். அந்த நாட்கள் எப்போது தொடங்குகின்றன என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை அச்சிட்டு, நீங்கள் நடந்த வயல்களை ஒரு நிறத்திலும் நடக்காதவற்றை இன்னொரு நிறத்திலும் காட்டி, அந்த நாட்களுக்குள் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.